நடுங்காத நடுக்குவாதம்

பெங்களூரிலிருந்து அக்கா ஊருக்குப் போகும் வழியில், முல்பாகலில் பேருந்து டீக்கு நின்றபோது மறதியாக வலது கையை நீட்டிவிட்டேன். காகிதக் கோப்பையில் இருந்த பாதி டீ பக்கத்தில் நின்றவரின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், பிறகு கடைக்காரரிடம் தெலுங்கில் சொன்னார்: "பொழுது விடியறதுக்குள்ள ஏத்திக்கிட்டு வந்திருக்கான் பாரு."

"குடிச்சிருந்தாகூட இவ்வளவு ஆடாதுங்க," என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். "இது பார்க்கின்சன். நடுக்குவாதம்."

மனிதர் சட்டையை மறந்துவிட்டார். இன்னொரு டீ வாங்கி, கோப்பையைத் தானே பிடித்து, குழந்தைக்கு மருந்து புகட்டுவதுபோல் என் வாயருகே கொண்டுவந்தார். வேண்டாம் என்றாலும் விடவில்லை. நான் வாழும் நெதர்லாந்தில் என் கை ஆடினால் எல்லோரும் நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். இங்கே பத்து நிமிடத்தில் குடிகாரன் ஆனேன், நோயாளி ஆனேன், பேருந்து கிளம்புவதற்குள் அவருடைய சித்தப்பாவின் கைநடுக்க வரலாறு முழுவதையும் தெரிந்துகொண்டேன். எது மேல் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நான் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி ஊர்க்காரன். நைனா, அதாவது அப்பா, விசைத்தறி ஓட்டினார். அக்கா சரோஜா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான்கு தறி ஓடும் சத்தத்துக்கு மேலே அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். பலமனேரில் தக்காளி மண்டி வைத்திருந்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்கெல்லாம் விமானச் சீட்டு கிடைத்த வருடங்களில் நான் ஹைதராபாத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு வெளிநாடு போனேன். அவள் கணவர் இறந்த பிறகு மண்டியை அக்காவே எடுத்து நடத்தினாள். அவள் மகன் பிரகாஷ் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான்.

அவன்தான் போன் செய்தான். "மாமா, அம்மாவால இனிமே முடியாது. ரோட்டு நடுவுல சிலை மாதிரி நின்னுடறாங்க. யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசறதில்ல. சித்தூர்ல ஒரு டாக்டர் மனசு சரியில்லன்னு மாத்திரை குடுத்திருக்காரு. மண்டியை வேற ஆளுக்கு விட்டுட்டு பெங்களூர் கூட்டிக்கினு வந்துடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கார் எடுத்துக்கினு போறேன். நீங்க முன்னாடியே போய் அவங்கள சம்மதிக்க வைங்க. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க."

நியாயமாகத்தான் பட்டது. பத்து நாள் விடுப்பு எடுத்தேன். அக்காவைச் சம்மதிக்க வைக்கப் போனவன் கடைசியில் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பலமனேரில் தை மாதக் குளிர் முதுகெலும்புக்குள் இறங்கும். வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். முகத்தில் ஒரு அசைவில்லை. மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறேன், சிரிக்கவில்லை. "வாடா," என்றாள். அந்தக் குரலைக் கேட்கக் காதைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டியிருந்தது.

மகன் கட்சியில் சேர்ந்து வந்திருக்கிறேன் என்று கோபம் போல என நினைத்துக்கொண்டேன். மனசும் வலித்தது.

கூடத்தில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தேன். பெங்களூரில் லிஃப்ட் இருக்கிறது, பக்கத்திலேயே மருத்துவமனை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். பின்பக்கத்து அடுப்பில், தோல் பிதுக்கிய மொச்சையில் வைக்கிற பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நெதர்லாந்தில் பனி பெய்யும் மாதங்களில் நான் கனவு காண்கிற குழம்பு அது.

பக்கத்து வீட்டு கவுரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஊடு பூரா கருகல் நாத்தம், தெரு வரைக்கும் வருது. ரெண்டு பேரும் உக்காந்துக்கினு கத பேசிக்கினு கீறீங்க!"

அடுப்பில் குழம்புச் சட்டி கரியாகியிருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். எனக்கு வாசனை போய் வருடங்கள் ஆகின்றன. கை ஆடத் தொடங்குவதற்கு வெகு முன்பே போய்விட்டது. சளி என்று நினைத்தேன். இந்த நோய் பலருக்கு மூக்கிலிருந்துதான் தொடங்கும் என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார்.

"அக்கா, உனக்கு எப்பலேர்ந்து வாசனை தெரியல?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும். மல்லிப்பூ வாங்கறதையே உட்டுட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

ஒரு தாளைக் கொடுத்து அவள் பெயரை ஐந்து முறை எழுதச் சொன்னேன். முதல் பெயர் பெரிதாக இருந்தது. ஐந்தாவது எறும்பு முட்டை போல் இருந்தது. எழுந்து உள்ளே போகச் சொன்னேன். சமையலறை வாசற்படி அருகே வந்ததும் பாதங்கள் நின்றுவிட்டன. குதிகால் தூக்குகிறது, விரல்கள் தரையை விடவில்லை. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, கால் பின்னால் இருக்கிறது. அரை நிமிடம் அப்படியே நின்று பிறகு சட்டென்று அடி வைத்தாள்.

"அக்கா, எனக்கு வந்ததுதான் உனக்கும் வந்திருக்கு."

இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். கல் மாதிரி நின்றன. "பாரு. ஆடுதா? உனக்கு வந்தது உன்னுது. எனக்குக் கை ஆடல."

அதுதான் சிக்கல். நடுக்குவாதம் என்று பெயர் வைத்துவிட்டோம். நடுங்காதவர்களை யார் நம்புவார்கள்? நெதர்லாந்தில் ஒரு ஆராய்ச்சிக்காக நான் ஸ்கேன் குழாய்க்குள் ஒன்றும் செய்யாமல் படுத்திருந்ததுண்டு. சும்மா இருக்கும்போதும் மூளையின் எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு பேசுகிறது, எந்த வழியில் பேச்சு கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்க்கிற ஸ்கேன் அது. நடுக்கம் முன்னால் நிற்கிறவர்களுக்கும் நடை கெட்டுப்போகிறவர்களுக்கும் இந்தத் தொடர்புகள் ஒரே மாதிரி கெடுவதில்லை போலிருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். அன்றைக்கு என் கையைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டதால் பாதிதான் காதில் வாங்கினேன்.

மறுநாள் காலை மண்டிக்குப் போனோம். தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அக்காவிடம் எழுத்து வேலை பார்க்கும் முனிரத்தினம் என்னை வணங்கிவிட்டு அவளுக்கு வழி விட்டார். ஐம்பது வயது மனிதர், அதிகம் பேசமாட்டார்.

மண்டி வாசலைத் தாண்டும்போது அக்காவின் கால் நின்றது. பின்னால் தக்காளி லாரி. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஹாரன் சத்தம் ஏற ஏற அவள் இன்னும் இறுகிப் போனாள். நான் பதறிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழுந்திருப்போம். முனிரத்தினம் இடையில் வந்து என் கையை விலக்கினார்.

"இழுக்காதீங்க சார். இழுத்தா நிக்கும். உட்டா வரும்."

விட்டேன். வந்தாள். ஒரு விவசாயி இன்னொருவரிடம் தெலுங்கில் சொன்னது எனக்குக் கேட்டது: "இந்தம்மாவுக்கு இப்பெல்லாம் திமிரு. சிரிக்கிறதே இல்ல. காலையில வந்து இப்படி நட்ட கல்லு மாதிரி நின்னா வியாபாரம் விளங்குமா?" அவர் தன் பெட்டிகளை எதிர் மண்டிக்கு இறக்கச் சொன்னார். எத்தனையோ வருடம் இதே மண்டிக்கு வந்தவராம்.

அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் நின்றது. எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. அவள் கோபமாக இல்லை, திமிராக இல்லை. சிரிக்க நினைத்தாலும் அழ நினைத்தாலும் எதுவும் முகத்துக்கு வந்து சேரவில்லை.

அன்று மதியம் சொன்னேன், "திருப்பதியில நரம்பு டாக்டர் ஒருத்தரைப் பார்த்துட்டு வரலாம்."

"வர்றேன். ஆனா ஒண்ணு. அந்த டாக்டரும் மனசுன்னு சொன்னா நான் பேசாம பெங்களூர் போயிடறேன். இல்லன்னு சொன்னா, என் புள்ள அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது. நீயும்தான்."

ஒப்புக்கொண்டேன். பிரகாஷிடம் போனில் சொன்னபோது, "மாமா, உங்கள எதுக்கு அனுப்பினேன்!" என்றான்.

வாடகைக் கார் வைக்கலாம் என்றேன். "பஸ்ல ஏற முடியாதவள்னு நீயே முடிவு கட்டிட்டியா?" என்றாள். பேருந்திலேயே போனோம். படியில் அவள் ஏறிய வேகத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை. நெதர்லாந்தில் முதியவர்களுக்காகப் பேருந்தே ஒரு பக்கம் சாய்ந்து கொடுக்கும். ஆந்திரப் பேருந்து எதற்காகவும் சாயாது, மலை வளைவுகளைத் தவிர.

மொகிலி கணவாய் இறங்கி பங்காருபாளையம் வருவதற்குள் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. எல்லோரும் புளியமரத்தடியில் இறங்கி நின்றோம். காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் அக்காவுக்கு ஐந்து பேர் ஐந்து நோய் கண்டுபிடித்தார்கள். முட்டித் தேய்மானம், சர்க்கரை, ரத்தக் குறைவு, வாயு. ஐந்தாவது ஒரு பாட்டியம்மா, யாரோ செய்வினை வைத்து எதையோ தாண்ட வைத்துவிட்டார்கள் என்றார்.

"எனக்கு இன்னா நோவுன்னு எனக்கே தெரியல, இவங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சிது?" என்று அக்கா என் காதில் சொன்னாள். சிரிக்கிறாள் என்று குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

பின்னால் வந்த பேருந்து எங்களை ஏற்றிக்கொண்டது. சித்தூர் பேருந்து நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே அவள் மறுபடி நின்றுபோனாள். நான்கு பக்கமும் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் "ஓரமா நில்லும்மா" என்று தோளில் தள்ளினார். அவளுக்குக் குரல் எழும்பவில்லை. நான் கத்தினேன். நெதர்லாந்தில் இத்தனை வருடத்தில் தெருவில் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தியதில்லை. அங்கே சேர்த்துவைத்ததை எல்லாம் சித்தூரில் கொட்டினேன். கூட்டம் விலகி வட்டமாக இடம் விட்டது. அக்கா மெதுவாக, யாரும் தள்ளாமல், தன் நேரத்துக்கு அடி எடுத்து வைத்தாள்.

நிலையத்துக்கு எதிரே ஒரு ஓட்டலில் ராகி களியும் நாட்டுக்கோழிக் குழம்பும். களியைக் குழம்பில் தோய்க்க என் கை ஒத்துழைக்கவில்லை. அக்கா உருண்டை பிடித்து என் இலையில் வைத்தாள். கை கழுவும் இடத்துக்கும் மேசைக்கும் இடையே ஒரு குறுகலான வழி, அவள் அங்கே நின்றுவிடுவாள் என்பதால் சொம்பில் தண்ணீரை நான் கொண்டுவந்தேன். பாதி சிந்தியது. அவள் கையால் நானும் என் காலால் அவளும் சாப்பிட்டு முடித்தோம். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

சாப்பிட மட்டும்தான் வலது கையை வெளியே எடுப்பேன், மற்ற நேரமெல்லாம் அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். அலுவலகக் கூட்டங்களிலும் அப்படித்தான். அக்கா கவனித்திருக்கிறாள்.

"இன்னாத்துக்குக் கைமேல உக்காந்துக்கினு கீற?"

"ஆடறது வெளிய தெரியாது."

"தெரிஞ்சா இன்னா? திருடின கையா அது?"

கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். தண்ணீர் டம்ளர் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எத்தனை வருடம் கழித்து அந்தக் கைக்கு ரத்தம் ஓடியது!

பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி. சாயங்காலம் திருப்பதி. தங்கும் விடுதியில் எங்களைத் தவிர எல்லோருக்கும் தலை மொட்டை. மேலாளர் பதிவேட்டில் எழுதிக்கொண்டே, "தரிசனம் எப்போ?" என்று கேட்டார். "தரிசனத்துக்கு வரல," என்றாள் அக்கா. அவர் பேனாவை நிறுத்திவிட்டு, "அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார்.

அடுத்த நாள் மருத்துவமனை. பளபளவென்று நீண்டு கிடந்த நடைபாதை. கண்ணாடி போன்ற தரை, ஒரு கோடு கிடையாது. பத்தடி போனதும் அக்காவின் பாதங்கள் ஒட்டிக்கொண்டன. பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்தார். "உக்காருங்கம்மா, டாக்டர் மூணாவது மாடி." அக்காவை உட்காரவைத்து மாடிப்படி வரை தள்ளிவந்தபின் அவருக்கே நினைவு வந்தது. லிஃப்ட் காலையிலிருந்து வேலை செய்யவில்லை. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

அக்கா மாடிப்படியைப் பார்த்தாள், நாற்காலியை விட்டு எழுந்தாள். "தள்ளி நில்லு," என்றாள் அவரிடம்.

முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது. மூன்றாவது. பிறகு நிற்கவே இல்லை. கைப்பிடியில் ஒரு விரல் மட்டும் தொட்டுக்கொண்டு, மண்டியில் பெட்டி அடுக்குகள் மேல் ஏறிய காலத்து சரோஜாவாக ஏறினாள். திருப்பத்தில் ஒரு நொடி தயங்கினாள், அடுத்த படி கண்ணில் பட்டதும் போய்விட்டாள். பத்தடி சமதரையை நடக்க முடியாதவள் மூன்று மாடி ஏறினாள். சக்கர நாற்காலிக்காரர் கீழே வாயைப் பிளந்து நின்றார். எனக்கு மூச்சு வாங்கியது.

மேலே நின்று திரும்பிப் பார்த்து, "உனக்கு இன்னாடா ஆச்சி? மெதுவா வா," என்றாள்.

மருத்துவர் நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். அவசரப்படவில்லை. அக்காவின் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். பெரிதாகத் தொடங்கிய தட்டல் சுருங்கிச் சுருங்கி நின்றுபோனது. பின்னால் நின்று தோளை இழுத்தார், அக்கா சரிந்தபோது பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு பேனாவைக் காட்டி, தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் மேலே கீழே பார்க்கச் சொன்னார்.

அந்தச் சோதனை எதற்கென்று எனக்குத் தெரியும். இதே மாதிரித் தோன்றி, மருந்துக்குக் கட்டுப்படாமல், வேகமாகக் கொண்டுபோய்விடுகிற வேறு நோய்கள் உண்டு. கண் கீழே இறங்க மறுத்தால் அதில் ஒன்றாக இருக்கலாம். என் கை மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கண்கள் பேனாவோடு மேலே போயின, கீழே வந்தன. ஒரு தடங்கலும் இல்லை. நான் விட்ட பெருமூச்சை மருத்துவரும் கேட்டிருப்பார்.

"மனசு இல்லம்மா இது," என்றார். "மூளை. பார்க்கின்சன்தான்னு நினைக்கிறேன். மாத்திரைக்கு உடம்பு எப்படிக் கேக்குதுன்னு பார்த்து உறுதி பண்ணிக்கலாம்."

"நான் சொன்னனா!" என்றாள் அக்கா. ஏதோ பரீட்சையில் தேறியதுபோல.

"ஆனா எனக்குக் கை ஆடலையே, டாக்டரம்மா."

"எல்லாருக்கும் ஆடாது. ஒரே பேர்ல வேற வேற வகை இருக்கு. உங்க தம்பிக்கு நடுக்கம்தான் முன்னால வந்திருக்கு. அவர் வகையில, சிறுமூளையில இருந்து மேல போற வழியில போக்குவரத்து மாறிப்போயிருக்கும்னு ஸ்கேன் பார்த்தவங்க சொல்றாங்க. உங்க வகையில, மூளைக்கு நடுவுல ஆழத்துல இருந்து முன்பக்கம் போற தொடர்பு பலவீனமாயிருக்கும். யோசிக்காம நடக்கிறோமே, அந்த நடை அந்த வழியாத்தான் வருது. இன்னும் எல்லாம் தெளிவாத் தெரியல, ஆள் ஆளுக்கு மாறும்."

"அப்ப படி மட்டும் எப்படி ஏறினாங்க?" என்று நான் கேட்டேன்.

"படியைக் கண்ணு பார்க்குது இல்லையா? பார்த்து வைக்கிற அடி வேற வழியா வருது. அந்த வழி இவங்களுக்கு இன்னும் நல்லா இருக்கு."

அக்கா கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். "மொகிலியில ரோடு அடைச்சிக்கிச்சின்னா லாரியை புங்கனூர் சுத்தி அனுப்புவோம். அப்படியா?"

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியேதாம்மா." எழுந்து வந்து அவள் காலுக்கு முன்னால் தன் செருப்புக் காலைக் குறுக்கே வைத்தார். "இதைத் தாண்டுங்க." அக்கா தாண்டினாள். "மறுபடி." தாண்டினாள். அறையின் கதவு வரை, எந்த வாசலில் அவள் எப்போதும் நிற்பாளோ அந்த மாதிரி வாசல் வரை, அப்படியே போனாள்.

மருத்துவர் நல்ல வார்த்தை மட்டும் சொல்லவில்லை. நோய் போகாது, கூடும். மாத்திரை உடம்பை இளக்கும், கால் ஒட்டுவதை முழுக்க நிறுத்தும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. விழுந்து இடுப்பு உடைந்தால் படுக்கைதான். "தைரியம் வேறம்மா, அலட்சியம் வேற," என்றார். "பெங்களூர் போகணுமா, இங்கேயே இருக்கணுமான்னு நான் சொல்லமாட்டேன். ஆனா நடக்கிறவங்க நடந்துக்கிட்டே இருக்கணும்."

வெளியே வந்ததும் மலைக்குப் போகலாமா என்று கேட்டேன். அக்கா ஏழுமலை இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். "அவரு அங்கியே இருப்பாரு. தக்காளி இருக்காது. ஊருக்கு நட."

திருப்பதிக்குப் போய் மலையேறாமல் திரும்பினோம். விடுதி மேலாளர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். முதல் இரண்டு நாள் குமட்டல் மட்டும்தான். மூன்றாம் நாள் காலை முனிரத்தினம் எதையோ சொல்லப் போக, அக்காவின் வாயோரம் அசைந்தது. சிறிய சிரிப்புதான். முனிரத்தினம் சொல்ல வந்ததை மறந்துவிட்டு நின்றார்.

கால் முழுக்கச் சரியாகவில்லை. வாசல்களில் இன்னும் நின்றாள். அன்று மத்தியானம் மண்டி காலியானதும், அக்கா சுண்ணாம்பு வாளி கொண்டுவரச் சொன்னாள். வாசலிலிருந்து ஏலம் விடும் இடம் வரை, ஒரு அடி வைக்கும் தூரத்துக்கு ஒன்றாக, சிமெண்டுத் தரையில் முனிரத்தினமும் நானும் குறுக்குக் கோடுகள் போட்டோம். என் கோடுகள் பாம்பு மாதிரி நெளிந்தன. "பரவாயில்ல, தாண்டறதுக்குத்தான," என்றாள்.

எதிர் மண்டிக்காரர் எட்டிப் பார்த்து, "கோலமா போடறீங்க?" என்று கிண்டலாகக் கேட்டார்.

"எனக்குக் கால் நோவு, மூளையில இருந்து வருது," என்றாள் அக்கா. மெல்லிய குரல்தான், ஆனால் அங்கிருந்த எல்லோரும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சிரிக்கலன்னா கோவம்னு அர்த்தம் இல்ல. நின்னுட்டன்னா இழுக்காதீங்க. அவ்ளோதான்."



ஞாயிற்றுக்கிழமை காலை பிரகாஷ் காரோடு வந்தான். வீட்டில் அம்மாவைக் காணாமல் நேராக மண்டிக்கு வந்தான். நல்ல பேன்ட், மெருகு போட்ட ஷூ. தக்காளிச் சாற்றில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தான்.

"மாமா, வீட்ல ஃபைலை பார்த்தேன். பார்க்கின்சன்னு தெரிஞ்சப்புறமும் இங்க நிக்க வெச்சிருக்கீங்களே! விழுந்தா யார் பொறுப்பு?"

பயத்தில் பேசுகிறான் என்று புரிந்தது. எனக்கும் அந்தப் பயம் உண்டு. நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னாள், "உங்க ஃப்ளாட்டுல தரை கண்ணாடி மாதிரி கீது. அதுல ஒரு கோடு இல்ல. என்னை ஒரு நாற்காலியில உக்கார வெச்சி, நாலு வேளை துன்னக் குடுப்ப. நீ நல்ல புள்ளதான். ஆனா நான் அங்க உக்காந்துக்கினே கல்லாயிடுவேன். விழறதுன்னா இங்க விழறேன்."

ஏலத்துக்கு நேரமாகிவிட்டது. வாசலிலிருந்து கிளம்பினாள். ஒரு கோடு, அடுத்த கோடு. விவசாயிகளும் வியாபாரிகளும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். பாதி வழியில் கைவண்டி போய்ப்போய் இரண்டு கோடுகள் அழிந்திருந்தன. அங்கே வந்ததும் பாதங்கள் நின்றன.

பிரகாஷ் பாய்ந்தான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் கை ஆடிய ஆட்டத்தில் அவன் தோளும் சேர்ந்து ஆடியது. "விடுங்க மாமா," என்றான். நான் விடவில்லை.

யாரும் இழுக்கவில்லை. யாரும் கத்தவில்லை. இருபது முப்பது பேர் பெட்டிகளுக்கு நடுவே சும்மா நின்றார்கள். முனிரத்தினம் கையிலிருந்த நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வந்து, தன் இடது காலை அவள் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்தார். அக்கா குனிந்து அதைப் பார்த்தாள். தாண்டினாள். அடுத்த கோட்டில் கால் வைத்தாள், அதற்கடுத்தது, பெட்டிகளிடம் போய்ச் சேர்ந்தாள். ஒரு தக்காளியை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்து முதல் விலையைச் சொன்னாள். குரல் எட்டவில்லை. முனிரத்தினம் அதையே உரக்கத் திருப்பிச் சொன்னார். ஏலம் தொடங்கிவிட்டது.

பிரகாஷின் தோள் என் கையடியில் தளர்ந்தது. கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினான். சுவரோரம் இருந்த சுண்ணாம்பு வாளியை எடுத்து வந்து, அந்த ஈரத் தரையில் மண்டியிட்டு, அழிந்துபோன இரண்டு கோடுகளையும் நேராகப் போட்டான்.